நெடில்

விண்டோஸ் பணிவாகக் கேட்டது:
இந்த வட்டைப் பயன்படுத்த
ஃபார்மட் செய்ய வேண்டும். செய்யவா?

நாடி பார்க்காமலே
குழி வெட்டவா என்கிற ஆளைப்போல.

வேண்டாம் என்று பிடுங்கினேன்.
பக்கத்து மேசை மேக் இன்னும் சுருக்கம்:
படிக்க முடியவில்லை. வெளியே எடு.

பிர்னோவில் பிப்ரவரி.
ஜன்னலுக்குக் கீழே டிராம்
பனிச்சேற்றை அரைத்துக்கொண்டு திரும்பியது.
மூன்று குளிர்காலத்து வௌவால்கள்
என் உள்ளங்கையில், ஒரு சோப்புக்கட்டி கனத்தில்.
மொராவியக் குகைகளில் ராடோவான் தொங்கவிட்ட கருவிகள்
கேட்டு வைத்ததெல்லாம்
மனிதக் காதுக்கு எட்டாத கூச்சல்,
மொத்தமாகப் பூட்டிய நிலையில்.

அவன் மடிக்கணினி
அவனோடு சேர்ந்தே வழுக்கி விழுந்தது.
அவனுக்குக் காறையெலும்பு. அதற்கு எல்லாமும்.
வட்டு மட்டும் பிழைத்தது.

முதலில் நகல். அதில் நான் பிடிவாதக்காரி.
பழைய லினக்ஸ் பெட்டியில் மாட்டி
ஒரு பைட்டைக்கூட மாற்றாமல்
இரவு முழுக்க வேறொரு வட்டுக்கு ஊற்றினேன்.
காலையில் முதல் வரியைத் திறந்து பார்த்தால்
எல், யூ, கே, எஸ்.
நான்கு எழுத்து. தலை இருக்கிறது.
மற்றதெல்லாம் மணல்.
பூட்டியதும் பாழானதும்
பார்வைக்கு ஒன்றுதான்.

கடவுச்சொல் என்ன என்றேன்.
ஆஸ்பத்திரியிலிருந்து சிரித்தான்.
யாரிடமும் சொல்லாதே, வெட்கக்கேடு.
நெட்டோபீர்.
வௌவால்காரன் வைத்த கடவுச்சொல், வௌவால்.

அடித்தேன்.
இந்தச் சொல்லுக்கு எந்தச் சாவியும் இல்லை.
பெரிய எழுத்தில் அடித்தேன்.
தலைக் கீறலை எடுத்துவிட்டுக் குறிலாக அடித்தேன்.
எங்கள் விசைப்பலகையில் ஒய்யும் இசட்டும்
இடம் மாறித்தான் உட்கார்ந்திருக்கும்,
அதையும் மாற்றி அடித்தேன்.
ஒவ்வொரு முறையும் இரண்டு மூச்சு யோசித்து
அதே வாக்கியம்.
எட்டுச் சாவித்துளைகள்.
ஒன்றில் மட்டும் ஏதோ இருக்கிறது.

இயக்குநர் க்வாபில் எட்டிப் பார்த்தார்.
நிதி அறிக்கை வெள்ளிக்கிழமை, என்றார்.
எனக்குத் தெரியாதது போல.

சத்தியமாக அதுதான், ஹெத்விகா!
தினமும் காலையில் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன்.

கண்ணை மூடிக்கொண்டா?
அப்படியே அடித்துக் காட்டு.

வீடியோவில், போர்வையின் மேல்
கட்டுப்போடாத வலது கை
இல்லாத விசைகளைத் தட்டியது.
இரண்டு கை வேலையை ஒரு கை செய்ததால் மெதுவாக,
என், ஈ, டி, ஓ, பி.
பிறகு சுட்டுவிரல்
மேல் வரிசைக்கு ஏறியது.

எண்கள் இருக்கும் வரிசைக்கு.

எங்கள் ஊர்ப் பலகையில் அந்த நெடில்
ஏழாம் எண்ணின் வீட்டில்தான் குடியிருக்கிறது.
ஆனால் கணினி எழும் முதல் நிமிடத்தில்,
திரை இன்னும் கறுப்பாக இருக்கும்போது,
செக் மொழி தூக்கத்தில்.
அந்த நேரத்துப் பலகை அமெரிக்கன்.
நான்கு வருடமாக அவன் விரல் நெடில் சொல்லியது,
இயந்திரம் ஏழு என்று கேட்டது,
இருவரும் ஒத்துப்போனார்கள்.
கடவுச்சொல்லில் தெரிவது நட்சத்திரங்கள்தானே,
யார் கண்டார்கள்.

நெட்டோப். ஏழு. ர்.

இரண்டு மூச்சு. மூன்றாவது.
சத்தமே இல்லாமல் திறந்தது.
தேதிகள், குகைப் பெயர்கள், ஆயிரக்கணக்கில்.
ஒன்றைப் பத்து மடங்கு மெதுவாக்கிக் கேட்டேன்:
நீர் சொட்டுகிறது, பிறகு டிக், டிக்டிக்,
சுவர் எங்கே, சுவர் எங்கே என்று
இருட்டை விசாரிக்கும் ஒரு குரல்.

என்னதான் கோளாறு என்றான்.
உன் நெடில் என்றேன்.
அவனுக்குப் புரியவில்லை.

மூடுவதற்கு முன்
இரண்டாம் துளையில்
அவன் இத்தனை நாள் அடிப்பதாக நினைத்த சொல்லைப் போட்டேன்,
கீறலோடு.
முதல் துளையை அழிக்க மனம் வரவில்லை.

வெள்ளி காலை
மூன்றாம் மாடியிலிருந்து க்வாபில் அழைத்தார்:
வட்டை என் கணினியில் செருகினேன், ஹெத்விகா,
பணிவாக ஏதோ கேட்கிறது,
சரி என்று சொல்லட்டுமா?

படிகளை இரண்டிரண்டாகத் தாவினேன்.